கப்பலில் ஏறிய சாக்கு

கீழ்வேளூர்ப் பக்கத்தில் அமிர்தத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அமிர்தத்தின் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற முறையில் எவனாவது மடையைத் திருப்பிவிட்டால், அவன் வீட்டு வாசலிலேயே போய் நின்று நாலு தலைமுறையை இழுத்துவிட்டுத்தான் திரும்புவாள். அதே வாய் ஒரு சொல் கொடுத்துவிட்டால் பிறகு மாறாது. "அமிர்தம் சொன்னா சொன்னதுதான்" என்று அவளிடம் திட்டு வாங்கியவர்களே சொல்வார்கள். புருஷன் போன பிறகு மூன்று ஏக்கரை ஒண்டியாக வைத்துக் காப்பாற்றியதும், மகள் வானதியைப் படிக்கவைத்துத் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் ஆசிரியை ஆக்கியதும் அந்த வாயும் அந்தச் சொல்லும்தான்.

காத்துக் கிடப்பது அவளுக்குப் புதிதில்லை. வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்க்காரி. தண்ணீருக்குக் காத்திருந்தாள், உரத்துக்குக் காத்திருந்தாள், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துவிட்டு, தார்ப்பாயும் கையுமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். "சாக்கு வரலம்மா" என்பார் அங்கே உட்கார்ந்திருப்பவர்.

"சாக்கு வரலைங்கறதே ஒங்களுக்கு ஒரு சாக்கு!" என்பாள் இவள். அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் அந்த மனிதர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். திட்டினால் வாங்கிக்கொள்வார். இன்றைக்கு ஆகாது, நாளைக்குத்தான் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம், நெல்லுக்குக் காவலாக வேறு ஆளை வைக்கலாம். திட்டுவதற்கு ஒரு முகமும், நம்புவதற்கு ஒரு பதிலும் இருந்தால் போதும், மனுஷர்கள் எதையும் தாங்கிக்கொள்வார்கள்.

இந்தத் தை மாதம் வானதிக்கு ஆசை வந்தது. சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வெள்ளிக்கிழமை ஏறினால் கடலைச் சுற்றிக் காட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் இறக்கிவிடுவார்கள். எப்போதோ பதிவு செய்துவிட்டாள். ஆந்திரா பொன்னி கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிற நேரமாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

"திங்கக்கெழம காலையிலதானே அறுப்பு மெஷின் வருது? அதுக்குள்ள வந்துடலாம்மா" என்றாள் வானதி.

அமிர்தம் போகுமுன் பக்கத்து வயல் சாமிதுரையிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "நான் வந்து வரப்புல நிக்காம மெஷின் வயல்ல எறங்கக் கூடாது." போன வருஷம் அறுவடை மெஷின்காரன் அவசரத்தில் ஓட்டி, பாதி நெல்லை வயலிலேயே இறைத்துவிட்டுப் போன வயிற்றெரிச்சல் அவளுக்கு. சாமிதுரை தலையாட்டினான். அவளிடம் தலையாட்டிவிட்டு மாற்றிச் செய்கிற துணிச்சல் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

கப்பல் என்னவோ கப்பல்தான். கல்யாண மண்டபங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த மாதிரி நின்றது. ஏறியதும் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள், கையில் சிவப்பாக ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள். சாயங்காலம் கிளம்ப வேண்டியது, கிளம்பவில்லை. விளக்குப் போட்ட பிறகும் கரையிலேயே நின்றது. கூரையில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அன்பான விருந்தினர்களே, ஒரு சிறிய தாமதம். தங்கள் பொறுமைக்கு நன்றி." அரை மணிக்கு ஒருதரம் அதே தாமதம், அதே நன்றி. தேனில் குழைத்த மாதிரி இருந்தது அந்தக் குரல்.

அமிர்தம் கம்பியோரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். கீழே லாரியிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கிக் கப்பலுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண் தன்பாட்டுக்கு மூட்டையின் பின்னால் போனது. "பாரு வானதி, இங்க சாக்குக்குப் பஞ்சமே இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்போதுதான் சாமிதுரையை வீடியோவில் கூப்பிட்டாள். கப்பலைக் காட்டினாள், கடலைக் காட்டினாள், கழுத்து மாலையையும் காட்டினாள்.

"அக்கா, செவ்வாக்கெழம மழைங்கறாங்க டிவியில. மெஷின்காரன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஞாயித்துக்கெழம காலையில எறங்கிடுவேன், ராத்திரி ஊர்ல இருப்பேன். திங்கக்கெழம வரச் சொல்லு."

"தாமதம் கீமதம் ஆயிடாதே?"

"கப்பல்காரனே சொல்றான்டா, சின்னத் தாமதம்தான்னு. நான் வர்றேன்னா வர்றேன்."

கப்பல் நகர்ந்தது. கரை விளக்குகள் மறைந்த கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னலும் போய்விட்டது.

மறுநாள் மதியம் கூரைக் குரல் மறுபடியும் இனித்தது. ஒரு இயந்திரம் வேலை செய்யவில்லையாம். மெதுவாகத்தான் போக முடியுமாம். கரை சேர திங்கட்கிழமை மாலை ஆகுமாம். அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம். அதே மூச்சில், மேல்தளத்தில் நான்கு மணிக்கு மாயாஜாலக் காட்சி, தவறாமல் வாருங்கள் என்றும் சொன்னது.

திங்கட்கிழமை காலையில் மெஷின், செவ்வாய்க்கிழமை மழை என்று அமிர்தம் விரல்விட்டு எண்ணினாள். ஒரே ஒரு போன். 'நான் வரல, நீயே நின்னு அறுத்துடு' என்று சாமிதுரைக்கு ஒரு வார்த்தை. அது போதும், மூன்று ஏக்கர் பிழைத்துக்கொள்ளும். கப்பலில் இருக்கும் இன்டர்நெட்டும் வேலை செய்யவில்லை. வரவேற்பு மேசைக்கு ஓடினாள். அங்கே பெரிய வரிசை. அழுகிற குழந்தைகள், மாத்திரை தீர்ந்துபோன பெரியவர்கள், திங்கட்கிழமை முகூர்த்தத்தைத் தவறவிடப் போகிற ஒரு தாய்மாமன். மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்கு மேலிடத்திலிருந்து வந்த இரண்டு வாக்கியத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மேலிடம் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றால் அதுவும் தெரியவில்லை.

"கப்பல் போன் மருத்துவ அவசரத்துக்கு மட்டும்தான் மேடம். யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"நெல்லுக்குத் தம்பி. செவ்வாக்கெழம மழை. ஒரு நிமிஷம் பேசிட்டுக் குடுத்துடறேன்."

வரிசையில் எவனோ சிரித்தான். மேசைக்காரனும் உதட்டைக் கடித்துக்கொண்டான். "அதெல்லாம் அவசரத்துல வராது மேடம்."

அமிர்தம் சும்மா விடவில்லை. வாயைத் திறந்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, தங்கள் பொறுமைக்கு நன்றி என்றான். அவளுக்குச் சீ என்று போய்விட்டது. சுவரைத் திட்டுவதற்கும் இவனைத் திட்டுவதற்கும் வித்தியாசம் இல்லை. மேலே மாயாஜாலக்காரனுக்குக் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வானதி இழுத்துக்கொண்டு போனாள். பரிமாறியவன் பெயர் ஃபாஜில், நாகூர்க்காரன். பேச்சில் ஊர்வாடை தெரிந்ததும், "எந்த ஊரும்மா, கீழ்வேளூர் பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு வைத்தான். ஆவி பறந்த சோற்றைப் பார்த்ததும் அமிர்தத்தின் கை நின்றுவிட்டது.

"ஏன் தம்பி, கெளம்புற நேரத்துல எதுக்கு அரிசி ஏத்துனீங்க?"

ஃபாஜில் சுற்றுமுற்றும் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "அம்மா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. கூட ரெண்டு நாள் ஆகும், அரிசி பத்தாதுன்னு அப்பவே எங்களுக்குச் சொல்லிட்டாங்க. பாசஞ்சர்கிட்ட வாயத் தொறந்தா வேலை போயிடும்னாங்க. தெரிஞ்சா பாதிப் பேரு எறங்கிடுவாங்கல்ல?"

அப்படியானால் கப்பல்காரர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கரையில் நின்றபோதே, சிக்னல் இருந்தபோதே, அவள் கம்பியோரமாக நின்று மாலையைக் காட்டிச் சிரித்தபோதே தெரிந்திருக்கிறது. இத்தனை பேருக்குச் சோறு பத்தாது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு, இத்தனை பேருக்கும் வீடு வாசல் இருக்கிறது, காத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை. இயந்திரம் கெட்டதற்கு யாரைக் குற்றம் சொல்ல முடியும்? டிராக்டரும்தான் நடு வயலில் நிற்கிறது. ஆனால் தெரிந்தே மறைத்துவிட்டு, வாயில் சர்க்கரையைப் போட்டு அனுப்பிவைப்பது என்ன பிழைப்பு? அதைவிட அருவருப்பாக இருந்தது வேறொன்று. அந்தக் கூரைக் குரல் சொன்ன பொய்யை, ஊரே நம்புகிற தன் வாயால் சாமிதுரைக்கு அவளே சொல்லியிருக்கிறாள். சின்னத் தாமதம்தான், நான் வர்றேன்னா வர்றேன்.

ஒரு பருக்கை கீழே விழுந்தால் பொறுக்கி இலையில் போடுகிறவள், தட்டுச் சோற்றை அப்படியே தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை பொழுது சாயும்போது கரை தெரிந்தது. சிக்னல் வந்ததும் சாமிதுரையின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. இறங்குகிற வரிசையில் நின்றபடியே கூப்பிட்டாள். எடுத்ததும் முதலில் கேட்டது சத்தம்தான். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"செவ்வாக்கெழமைன்னு சொன்னாங்க அக்கா, இன்னிக்கு மதியமே புடிச்சிக்கிச்சு. மொத்தமும் சாஞ்சு தண்ணியில கெடக்கு."

"மெஷின்?"

"காலையில வந்து நின்னான். அறுத்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க. நாந்தான் விடல. அக்கா வர்றேன்னு சொல்லியிருக்கு, சொன்னா வந்துரும்னேன். பாத்துப் பாத்து அவன் அடுத்த ஊருக்குப் போயிட்டான்." மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினான். "ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா அக்கா?"

அமிர்தத்துக்கு வாய் வரவில்லை. அவள் வாழ்நாளில் அது முதல் தடவை. சாமிதுரையை என்ன சொல்வது? அவன் நம்பியது அவள் சொல்லை.

இறங்குகிற பலகையின் அடியில் ஒரு பெண் நின்றுகொண்டு ஆளுக்கொரு பை கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மட்டும் வேலைக்கு வந்தவள், பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "அசௌகரியத்துக்கு மன்னிக்கணும். எங்க அன்பளிப்பு. மறுபடியும் வாங்க" என்று சிரித்தாள். கம்பெனிப் பெயரைப் பளபளவென்று அச்சடித்த அழகான சாக்குப் பை.

அமிர்தம் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். விரித்து உள்ளேயும் பார்த்தாள்.

"இந்தச் சாக்குல எந்த நெல்லம்மா நான் புடிக்கிறது?"

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அதே சிரிப்போடு அடுத்த ஆளுக்கு ஒரு பையை நீட்டினாள்.