மிளகாய்ப் பாத்தியில் மஞ்சள் பூ

செவ்வாய்க்கிழமை காலை மிளகாய்த் தோட்டத்தில் நாங்கள் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது, எங்களோடு வேலை பார்த்த செல்லம்மை அக்காவின் வீட்டுக்காரர் நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பஸ்ஸில் திரும்பி, வரப்பில் வந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். பத்து நாள் காய்ச்சல் அக்காவைக் கொண்டுபோய்விட்டது. தோட்டத்துப் பெண்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்று, பூதப்பாண்டிக்கு அருகே இந்தத் தோட்டத்துக்குக் களை பறிக்கப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அக்காவுக்கு இருபது இருக்கும். மிளகாய் விதைத்த பாத்தி ஒன்றை என்னிடம் விட்டார்கள். எது களை என்று கேட்கக் கூச்சப்பட்டு, செழித்து நின்றதையெல்லாம் விட்டுவிட்டு, நோஞ்சானாக இருந்தவற்றைப் பிடுங்கிப் போட்டேன்.

நான் காப்பாற்றியவை பூத்தன. மிளகாய்ப் பூ வெள்ளை. இவையோ வெளிர்மஞ்சள், உள்ளே பழுப்புப் பொட்டுகள். பூ உதிர்ந்ததும் அதன் பச்சைக் கிண்ணம் ஊதிப் பெருத்துக் காயை மூடிக்கொண்டு, சிறு கூடுபோலத் தொங்கியது. பாத்தி முழுக்கச் சொடக்குத் தக்காளிக் களை.

தோட்டத்துச் சொந்தக்கார அண்ணாச்சி யார் வேலை என்று கேட்டார். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் அண்ணாச்சி" என்றார்கள் அக்கா.

நாளை முதல் வரவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் நான் அழுததற்கு, "ஏட்டி, ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் என்ன ஒன்னக் கடிச்சா தின்னுருவேன்?" என்று சிரித்தார்கள்.

மறுநாள் அக்கா இல்லாத தோட்டத்தில் எனக்குக் கை ஓடவில்லை. அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன்.

"அந்தப் பாத்தியில களை எடுத்தது நானாக்கும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஒனக்குப் பேச வருமா? போய் அவளக் கூட்டிட்டு வா. ரெண்டுபேரும் சேந்து திரும்ப வெதைங்க."

விதைத்து முளைத்தபின் அக்கா இரண்டு கன்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மிளகாய் இலையின் ஓரம் வழுவழுப்பு. மற்றதன் ஓரத்தில் பல்வெட்டு, தண்டிலும் விளிம்புகள். "ரெண்டும் ஒரே குடும்பம் மக்கா, அதான் மொகச்சாயல். ஒன்ன ஏமாத்துனதுல அதிசயம் இல்ல" என்றார்கள். அதன்பின் ஐந்து வருஷம் நாங்கள் அடுத்தடுத்த பாத்திகளில் இருந்தோம்.

நேற்று அக்காவின் ஐந்து வயது மகளை அவள் அப்பா தோட்டத்துக்கே கூட்டிவந்தார். பள்ளிக்கூடம் சேர்க்கப் போவதில்லை, இனி இங்கேயே இருக்கட்டும் என்றார். எல்லாரும் குனிந்து களை பறிக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் சேருங்கள், தினமும் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவர் சரி என்றார்.

இன்று காலை அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். குளத்தில் நிற்கும் கொக்குக்குக் கால் வலிக்காதா, மலைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரியாததை வாத்தியாரிடம் கேட்கச் சொன்னேன். என் விரலை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கேட்டாள்.

நிம்மதியாகப் போய்வாருங்கள், அக்கா.