வாசலோரப் பந்தி

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மதியம் மிஞ்சும் சோற்றைத் தவிட்டுக்குருவிகளுக்குப் போடுவேன். ஒரு குருவியை வல்லூறு தூக்கிப்போன நாளிலிருந்து, வெட்டவெளியில் கிடக்கும் சோற்றை அவை தொடுவதில்லை. கருவேல முள்புதரை ஒட்டி விழுந்ததை மட்டும் தின்னும். அப்போதும் ஒன்று மேலே காவலிருக்கும். இன்னொன்று தின்றுவிட்டு ஏறிய பிறகே அது இறங்கும். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

பிறகு பக்கத்துக் கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. செத்தவர்கள் எங்களோடு ஒரே வேனில் வந்த பெண்கள்.

அடுத்த வாரம் மாதா கோயிலில் ஊருக்கே போடும் அசனச் சாப்பாட்டுக்குப் போனோம். மண்டபத்தின் உள்கோடியில் சமையல் அடுப்பு.

"உள்ள எம்புட்டு எடம் கெடக்கு, வாங்கக்கா" என்று பரிமாறிய பையன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நாங்கள் வாசலை ஒட்டியே நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கூட வேலை பார்க்கும் மெர்சி மட்டும் வாசல் நிலையில் சாய்ந்து, அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயும் உக்காரு மெர்சி."

"நீங்க சாப்பிடுங்கக்கா. பொறவு உக்காருதேன்."

நான் எழுந்ததும் அவள் என் இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே நான் நிலையில் போய்ச் சாய்ந்தேன். அடுப்பு எப்போதோ அணைந்து சாம்பல் பூத்திருந்தது. ஆனாலும் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

மறுநாள் குருவிச் சோற்றை முள்ளை ஒட்டியே வைத்தேன்.