ஐந்து ரீடர்களும் ஒரு மாவிலைத் தோரணமும்

வண்டலூரைத் தாண்டி இருந்த ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு என் பொறுப்பில் இருந்தது. எதற்கும் ஒரு செயல்முறை எழுதிவைப்பவன் என்று எனக்குப் பெயர். பெல்ட்டைத் துடைக்கும் துணி என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருந்தேன். தணிக்கைக்கு வருபவர்கள் பாராட்டுவார்கள். வேறு யாரும் படித்ததில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், பெட்டிகளை லாரிக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பெல்ட்டின் மேல் ஓர் இரும்பு வளைவு அமைத்து அதில் ஐந்து பார்கோடு ரீடர்களைப் பொருத்தினார்கள். லேபிள் பெட்டியின் எந்தப் பக்கம் இருந்தாலும் ஐந்தில் ஒன்று பார்த்துவிடும். ஆனால் ஐந்தும் தனித்தனியாகக் கணினியிடம் பேசினால் ஒரு பெட்டி மூன்று பெட்டியாகிவிடும். அதனால் ஒன்றை மாஸ்டர் ஆக்கி, மற்ற நான்கும் பார்த்ததை அதனிடம் மட்டும் சொல்லும்படி கோத்தார்கள். வளைவின் நுழைவாயிலில் குறுக்கே ஓர் ஒளிக்கதிர். பெட்டி அதை மறைத்ததும் ஐந்தும் பார்க்கும். மாஸ்டர் ஒரே பதிலைச் சொல்லும். எதுவுமே லேபிளைப் படிக்கவில்லை என்றால், ஓர் இரும்புக் கை எதிரே வரும் பெட்டியைப் பக்கத்துத் தடத்துக்குத் தள்ளிவிடும். ஐந்து பேர் பார்த்துவிட்டு ஒருவர் மட்டும் பேசுவது எங்கள் மேலாளர் கூட்டத்தில் ஒருநாளும் நடந்ததில்லை.

இதைப் பொருத்த வந்த இன்ஜினியர் மதுரைக்காரர். மறுநாள் அவருக்கு ஊரில் நிச்சயதார்த்தம். மாலை தாம்பரத்தில் ரயில். இறுதிச் சோதனையில் ஒரு லாரிக்கான பெட்டிகள் முழுவதும் வழி தவறாமல் போக வேண்டும். நான் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் அவர் கிளம்ப முடியும்.

முந்தைய நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அன்று காலை நல்ல நேரம் பார்த்து பூஜை போட்டார்கள். பெல்ட்டில் பெட்டி ஏற்றும் அக்கா, கேட்டருகே இருந்த மரத்திலிருந்து மாவிலை பறித்து வளைவின் வாயில் தோரணம் கட்டினார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பெல்ட்டை ஓட்டினோம். நல்ல லேபிள் ஒட்டிய பெட்டிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பக்கத்துத் தடத்துக்குப் போயின.

இன்ஜினியர் ரீடர்களுக்குக் கணினியில் கொடுத்திருந்த முகவரி எண்களைச் சரிபார்த்தார். ஒயர்களைக் கழற்றி மாட்டினார். மாஸ்டர் பதவியை இன்னொரு ரீடருக்குக் கொடுத்துப் பார்த்தார். புதிய தலைமையிலும் அதே நிர்வாகம்தான். தேங்காய்த் தண்ணீர் எங்காவது புகுந்திருக்குமோ என்று நான் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

சாப்பாட்டு இடைவேளையில் பெல்ட் வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்த அக்கா கணினித் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மாப்ள, உன் மிஷினு காலி பெல்ட்டுல பொட்டி எண்ணிக்கினு கீது?"

மூவரும் பார்த்தோம். எண்ணிக்கை ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. சுவரிலிருந்த ஃபேன் முகத்தைத் திருப்பி வளைவுப் பக்கம் வரும்போதெல்லாம் தோரணம் ஆடியது. நடுவில் தொங்கிய இலை கதிரை வெட்டியது. ஐந்து ரீடர்களும் பாய்ந்து பார்த்து, இலையில் லேபிளைத் தேடி ஏமாந்தன. காலையில் இப்படி இலை ஆடிய நேரம் பார்த்து இரும்புக் கைக்கு எதிரே வந்த அப்பாவிப் பெட்டிகள்தான் தள்ளப்பட்டிருந்தன.

தோரணத்தைக் கழற்றினால் தீர்ந்தது என்றேன். நல்ல காரியத்துக்குக் கட்டியதை அன்றைக்கே அவிழ்க்கக் கூடாது என்றார் அக்கா. இன்ஜினியரின் அறிவியலை நம்பி அவர் பக்கம் திரும்பினேன்.

"நாளைக்கு எனக்கு நிச்சயம் சார். இன்னைக்குப் போயி நான் தோரணத்துல கை வைக்க மாட்டேன்."

ஃபேனை நிறுத்தினார். வியர்வையில் குளித்தபடி கொஞ்சம் பெட்டிகளை விட்டோம்; ஒன்றும் தவறவில்லை. அவர் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. அன்றாடம் எப்படி ஓடுமோ அதே நிலையில்தான் சோதனை நடக்க வேண்டும் என்பது செயல்முறை. எழுதியவன் நான். அந்த ஷெட்டில் ஃபேன் இல்லாமல் அன்றாடம் என்பதே கிடையாது.

"சாரு எழுதி வச்சா எமனே வந்தாலும் வெயிட் பண்ணணும்" என்றார் அக்கா, என் காதில் விழும்படி.

இன்ஜினியர் பெல்ட் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து கணினிக்குப் போனார். இலை கதிரைத் தொட்டதும் விலகிவிடுகிறது. பெட்டி நின்று நிதானமாக மறைக்கிறது. கதிர் மறைந்ததும் மாஸ்டர் உடனே நம்பாமல், சற்றுப் பொறுத்து, இன்னும் மறைந்தே இருந்தால் மட்டும் மற்ற நான்கையும் கூப்பிடும்படி மாற்றினார்.

ஃபேன் சுழன்றது. தோரணம் இஷ்டத்துக்கு ஆடியது. லாரி நிறையும்வரை ஒரு பெட்டிகூட வழி தவறவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். பெருங்களத்தூரில் சிக்னலை மதித்து நின்றபோது பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. தாம்பரத்தில் ரயில் நகரத் தொடங்கியபோதுதான் அவர் படியில் கால் வைத்தார்.

மறுநாள் மாலை போன் வந்தது. பின்னால் நாதஸ்வரம்.

"நல்லபடியா முடிஞ்சது சார். லைன் ஓடுதா?"

ஓடுகிறது என்றேன். தோரணம் வாடிவிட்டதால், அவர் நிச்சயதார்த்தத்தைச் சொல்லி அக்கா காலையில் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார், நேற்றையதைவிடப் பெரிய இலைகள் என்றும் சொன்னேன்.

நாதஸ்வரம் தள்ளிப் போனது; போனோடு ஒதுங்கி வந்துவிட்டார் போல.

"எவ்வளவு பெருசு சார்?" என்றார்.