தலையாட்டினால் தட்டும் ஸ்கேல்

டொக். மொழிபெயர்ப்பு மேடத்தை நினைத்தால் அந்த மர ஸ்கேல் மேசையில் தட்டும் சத்தம்தான் முதலில் கேட்கிறது. சிம்மக்கல்லில் மாடி அறை அவர் ஆபீஸ். வீட்டுக்கடன், காப்பீட்டுக் காகிதங்களை இங்கிலீஷிலிருந்து தமிழாக்குவது அவர் வேலை. அவரைத் தினமும் ஆட்டோவில் கொண்டுவந்து விடுவது என் வேலை. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன். அதுவே எனக்கு இன்னொரு உத்தியோகத்தை வாங்கித் தந்தது. எழுதியதை அவர் வாசிப்பார், நான் கேட்க வேண்டும்.

படித்தவர்கள் எதை வாசித்தாலும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். நானும் ஆட்டுவேன். உடனே டொக்.

"தலையாட்டாதீங்கண்ணே. திருப்பிச் சொல்லுங்க."

"கேக்க நல்லாருக்கு மேடம். ஆனா ஒண்ணும் வெளங்கல."

கோபப்படாமல் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். என் மண்டைக்குள் நுழைந்துவிட்டால் எந்த மண்டைக்குள்ளும் நுழையும் என்று அவருக்கு அம்புட்டு நம்பிக்கை.

கடன் காப்பீட்டுப் புத்தகம் ஒன்றில் அவர் தமிழ் ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்று கம்பெனி மேனேஜர் ஒதுக்கிவிட்டு, தானே வேறு எழுதிவிட்டார். "கடன் வாங்குறவங்களுக்கே வாசிச்சுப் பாப்போம் சார், அப்புறம் அச்சடிங்க" என்று மேடம் மன்றாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். வாடிப்பட்டியில் கூட்டம். மேனேஜர் வாசித்தார்: "கடனாளியின் மறைவுக்குப்பின் நிலுவை ஈட்டுத்தொகை காப்பீட்டாளரால் ஈடுசெய்யப்படும்."

மொத்தக் கூட்டமும் தலையாட்டியது. மேனேஜர் முகத்தில் வெற்றி. மேடம் முகம் செத்துவிட்டது. அதில் பெரிய தலையாட்டல் யாருடையது என்கிறீர்கள்? கடைசி வரிசையில் என்னுடையதுதான். மேடையிலிருந்து மேடத்தின் ஸ்கேல்: டொக்.

"அண்ணே, திருப்பிச் சொல்லுங்க."

எழுந்தேன். "சார் ஏதோ நல்லதுதான் சொல்றாரு. என்னன்னுதான் தெரியல."

"எனக்கும் அதேதாண்ணே" என்றது ஒரு குரல். அப்புறம் சிரிப்பு, அப்புறம் நாலா பக்கமும் அதே பேச்சு. மேடம் தன்னுடையதை வாசித்தார்: "கடன் வாங்கியவர் இறந்துபோனால், மீதிக் கடனைக் காப்பீட்டுக் கம்பெனி கட்டும். அடமானம் வைத்த வீட்டுப் பத்திரம் குடும்பத்துக்குத் திரும்பி வரும்."

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அப்ப அவரு இல்லாட்டியும் எங்கள வெளிய போகச் சொல்ல மாட்டாக, அப்படித்தான மேடம்?"

மேனேஜர் அவளையே பார்த்தார். பிறகு தன் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மேடத்தின் தாள்களுக்குக் கை நீட்டினார்.

மேடம் இப்போது சென்னையில் இருக்கிறார். போன வாரம் நானே வீட்டுக்கடனுக்குப் போனேன். ஆபீசர் புத்தகத்தை விரித்து வாசித்தார். மேடத்தின் அதே வரிகள்! எனக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே. பக்கத்தில் என் சம்சாரம் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கேல் இல்லை. விரலை மடக்கி மேசையில் தட்டினேன்.

டொக்.

"ஆட்டாத. திருப்பிச் சொல்லு."

"நீ போயிட்டாலும் வீடு எனக்குத்தான். இதக்கூடவா சொல்லணும்?" என்றாள்.