ஓடியதை அழித்தவர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஆர்டர்களைக் கவனிக்கும் வெப்சைட் வேலையில், எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு சேர்ந்தேன். மூன்று நாளாகியும் அந்த வெப்சைட் என் லேப்டாப்பில் ஓடவில்லை. "எங்க சிஸ்டத்துல நல்லாத்தானே ஓடுது?" என்றார்கள் மற்றவர்கள். வேலை போய்விடும் என்றே பயந்தேன்.

நான்காம் நாள் வாணியம்பாடியிலிருந்து ஒரு பெண் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். கறுப்பு புர்கா, மூக்கு நுனிக்கு இறங்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. வெப்சைட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் டாக்கர் என்ற மென்பொருளில் ஒரே பெட்டியாகக் கட்டி, எந்தக் கணினியிலும் ஓடவைப்பது அவர் வேலை. மதியத்துக்குள் என் லேப்டாப்பிலும் ஓடவைத்தார். நான் கைகூப்பாத குறைதான். அடுத்த நிமிடமே எல்லாவற்றையும் அழித்துவிட்டார். போகிற இடமெல்லாம் அப்படித்தான் செய்வாராம்.

"ஐயோ, இப்பதானே ஓடுச்சு!"

"நான் செஞ்சா ஓடும்க்கா. நான் எழுதி வெச்சதப் பாத்து நீங்க ஓட்டுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

அவர் எழுதிய செய்முறையில் ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன். கண் கலங்கியது. "எனக்குத்தான் வரல போல" என்றேன்.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இன்னாக்கா நீங்க, பேஜார் ஆவாதீங்க. நான்தான் ஒரு வரிய எழுதாம உட்டுட்டேன். தப்பு என்னுது."

விடுபட்ட வரியைச் சேர்த்தார். மறுபடி எல்லாவற்றையும் அழித்தார். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஓடியது.

அந்த அறையில் எல்லோரும் வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் நான் தடுக்கி விழுந்த இடத்தில் தன் குறையைத் தேடிப் பார்க்க அவர் ஒருவருக்குத்தான் தோன்றியது. அந்த வயதில் அது எப்படி வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.