ஜப்பான் என்று அனுப்பிய படம்

எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்த தம்பி படகில் வந்தவர். தடுப்பு முகாமிலிருந்து தற்காலிக விசாவில் வெளியே விட்டிருந்தார்கள். போர் முடிந்து மூன்று வருஷமாகியும், ஊரில் மகளோடு தனியே இருந்த அவருடைய மனைவியிடம் புலனாய்வு ஆட்கள் வந்து புருஷன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவுஸ்திரேலியா என்றால் களவாகப் படகில் போனதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் அவள் ஜப்பான் என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் படம் காட்டு என்றார்களாம்.

"அக்கா, இங்க ஓபர்னில ஒரு ஜப்பான் தோட்டம் இருக்காம்," என்றார். சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கார்த் திறப்பை எடுத்தேன்.

பழைய தோட்டம் அது. குளத்தைச் சுற்றி வளைந்து போகும் பாதையில் சனம் ஆறுதலாக நடந்துகொண்டிருந்தது. நாங்களோ கள்ளர் மாதிரி, ஆங்கிலப் பலகை படத்தில் விழாத மூலையாகத் தேடினோம். என் கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் கல்விளக்கின் பக்கத்தில் விறைத்து நின்றார். பாஸ்போர்ட்டுக்கா படமெடுக்கிறோம், கொஞ்சம் சிரியும் என்று அதட்டினேன்.

கல்விளக்கும் பாலமும் எனக்குப் போதவில்லை. செர்ரி மரங்கள் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. ஜப்பான் என்றால் இதுதானே என்று அவரை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். என்னுடைய கெட்டித்தனம்! அந்தப் படத்தைத்தான் அன்றே அனுப்பினோம்.

படம் பார்க்க வந்தவர்களில் ஒருவனின் தமையனுக்கு ஜப்பானில் வேலையாம். படம் எப்போது எடுத்தது என்று கேட்டிருக்கிறான். போன கிழமை என்றிருக்கிறாள். அங்கே செர்ரி பூப்பது சித்திரையில், இது ஆவணி என்றானாம். இருபது வருஷமாக இந்த நாட்டில் ஆவணிக் குளிரில் நடுங்குகிறேன்; இங்கே பருவம் தலைகீழ் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லையே. அவளுடைய தம்பியை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். நாலாம் நாள் விட்டபோது அவனால் நடக்க முடியவில்லை.

நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அவர் குசினி வாசலில் நின்றபடி இதையெல்லாம் சொன்னார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர்கள் திரும்பவும் வந்தால் அவள் என்ன சொல்வாள் என்று கேட்டேன்.

"நான் வேலையிடத்தில அக்சிடன்ரில செத்திட்டன் எண்டு ஊருக்கே சொல்லிப்போட்டாள். பொட்டையும் அழிச்சிட்டாள். இனிக் கோல் எடுக்க வேண்டாமாம்."

"பிள்ளைக்கு?" என்றேன்.

"பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள், அக்கா."