மெக்கானிக் எப்போ வருவார்?

எல்லோருக்கும் அவர் லிஃப்டக்கா. லிஃப்ட் பழுது பார்ப்பதில் பதினான்கு ஆண்டு அனுபவம். கருவிப் பெட்டியோடு எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும், வாசலில் இருப்பவர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்.

"மெக்கானிக் எப்போ வருவார்மா?"

"வந்துட்டார்" என்பார் லிஃப்டக்கா.

அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட இருவர் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். அவர் ஆகவில்லை. "நேரங்கெட்ட நேரத்துல கூப்பிட வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ" என்று மேலாளர் ஆறு வருடமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் தையற்காரர். அவரை யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் மகளிர் தினத்தன்று ஒரு பெரிய அலுவலகத்தின் ஐந்தாம் மாடியில் விழா. தடைகளைத் தாண்டிய பெண்களைப் பற்றிப் பேச வந்த சிறப்பு விருந்தினர் அம்மா, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கூடவே நான்கு அதிகாரிகளும் ஒரு பூங்கொத்தும்.

லிஃப்டக்கா வந்து கதவைத் தட்டிக் குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து ஓர் அதிகாரி கத்தினார்: "யாராவது ஆம்பளையக் கூப்பிடும்மா!"

"உள்ள நாலு பேர் இருக்கீங்களே சார்."

பிறகு மேலே இயந்திர அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிஃப்டை நான்காம் மாடிக்குக் கொண்டுவந்தார். இருபது நிமிடம். எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பூங்கொத்து மட்டும் நசுங்கியிருந்தது.

விருந்தினர் அம்மா அவரை விடவில்லை. மேடைக்கு இழுத்துப் போய் மைக்கைக் கொடுத்தார். லிஃப்டக்கா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கத்துக்கொடுத்த ரெண்டு பேர் சூப்பர்வைசர். நான் இன்னும் மெக்கானிக். கேடயம் வேண்டாம். எங்க ஆபீசுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க."

கூட்டம் கைதட்டியது. கையைத் தட்டாமல் பேனாவை எடுத்தவர் விருந்தினர் அம்மா ஒருவர்தான். "நம்பர் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். முகம் சுண்டிப் போயிருந்தது. "இத என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"ஆறு தடவ எழுதிக் கொடுத்தேன் சார்."

மேலாளர் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஆறு மனுக்களும் தேதி வாரியாக இருந்தன.

"பத்திரமா வச்சிருக்கீங்க" என்றார் லிஃப்டக்கா.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. அவர் மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். சாப்பாட்டு இடைவேளைதான், வேலை கெடவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்தபோது, "அவங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு மனிதர் மறுபடி தைக்கப் போய்விட்டார்.

சூப்பர்வைசர் ஆனதும் லிஃப்டக்கா இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தார். ஒருத்தி கெட்டிக்காரி, நிலைத்துவிட்டாள். இன்னொருத்தி ஒரே வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன் பார்த்தியா?" என்றார் மேலாளர்.

அதற்கு முந்தைய மாதம் மூன்று ஆண்கள் அப்படி நின்றிருந்தார்கள். அப்போது அவர் யாரையும் எதையும் பார்க்கச் சொல்லவில்லை.